மேளம் யாருக்காக?

கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கலாமா, கூடாதா? ஆனி, ஆடி, ஆவணி என்று யாழ்ப்பாணத்தில் கொடியேறாத கிழமையே இல்லாத காலத்தில் இந்தச் சண்டையும் ஓய்வதில்லை. மூத்தவர்கள் அபசாரம் என்கிறார்கள். சனம் வருவதே அதற்காகத்தானே என்று இளம்பிள்ளைகள் கேட்கிறார்கள். பரிபாலன சபைக்காரர் இரண்டு பேரையும் பகைக்க விரும்பாமல் நடுவில் நிற்கிறார்கள்.

நான் கொக்குவிலில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். அப்பா செய்த தொழில். ஹோன் ஸ்பீக்கர், அம்பிளிபயர், பட்டறி என்று அவர் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனதை நான் இப்போது சின்ன லொறியில் கொண்டுபோகிறேன். திருவிழா இரவுகளில் எனக்கு இடம் மிக்சருக்குப் பின்னால். சுவாமிக்கும் மேளத்துக்கும் சனத்துக்கும் இடையில், மூன்று பேரையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய இடம் அது. மேளம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதனால்தான் இதைப்பற்றிச் சொல்ல எனக்கும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் இருக்கும் இடமும் அப்படி. கொக்குவிலைத் தாண்டினால் இணுவில், பக்கத்தில் கோண்டாவில், இன்னும் வடக்கே போனால் அளவெட்டி. ஈழத்து மேளம் என்று உலகம் சொல்வதில் பெரும்பங்கு இந்தச் சில மைல்களுக்குள் பிறந்தது. தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1933இல் இணுவிலில் பிறந்தவர். தகப்பன் விசுவலிங்கம் தவில்காரர். பிறகு அளவெட்டியில் இருந்தார். 1975இல், நாற்பத்திரண்டு வயதாக முன்னரே போய்விட்டார். தவிலைப் பக்கவாத்தியம் என்று சொல்லி ஒதுக்க முடியாதபடி செய்துவிட்டுப் போனார். தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வர வித்துவான்கள் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அவரைப்பற்றி அம்ஷன்குமார் எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவின் 63ஆவது தேசிய திரைப்பட விருது கிடைத்தது. அப்பா அவரை நேரில் கேட்டவர். நான் கேட்டது கசெற்றில். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாத வருடங்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த கரண்டில் அந்தக் கசெற்றைப் போட்டுக் கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் தாளம் இழுபடும். அப்படிக் கேட்டும் அந்தக் கை எங்களை உலுக்கியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சினிமாப் பாட்டா, கீர்த்தனையா என்று கேட்பதற்கு முன்னால் கேட்கவேண்டியது வேறொன்று இருக்கிறது. கோயிலில் மேளம் எதற்கு? சைவசித்தாந்தம் இறைவனைக் குறைவில்லாதவன் என்கிறது. அவனுக்குப் பசி இல்லை, நைவேத்தியம் வைக்கிறோம். இருள் இல்லை, தீபம் காட்டுகிறோம். எல்லா ஒலிக்கும் மூலமான நாதமே அவன் என்கிறோம், பிறகு அவன் முன்னால் நாதஸ்வரம் ஊதுகிறோம். வேண்டாதவனுக்கு எதற்காகக் கொடுக்கிறோம்?

இதற்கு எங்கள் சமயம் தரும் விடை உபசாரம் என்பது. பூசையின் உபசாரங்களுக்குள் தூபமும் தீபமும் போலவே கீதமும் வாத்தியமும் நிருத்தமும் இருக்கின்றன. அவை இறைவனுடைய குறையை நிரப்புவதற்கல்ல. பாசத்தில் கட்டுண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் உயிரை அவன் பக்கம் திருப்புவதற்கு. இதை ஒத்துக்கொண்டால் அடுத்ததையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தீபம் காட்டும் ஐயர் பூசை செய்கிறார் என்றால், மல்லாரி வாசிக்கிறவரும் அந்த நேரத்தில் பூசைதான் செய்கிறார். அவர் கூலிக்குப் பிடித்த அலங்காரம் அல்ல. எங்கள் ஊரில் இதை வாயால் மறுப்பவர் இல்லை. நடைமுறையில் ஏற்றுக்கொண்டவரும் மிகக் குறைவு.

மல்லாரி என்ற சொல் வந்துவிட்டது. வசந்தமண்டபத்தில் பூசை முடிந்து சுவாமி எழுந்தருளப்போகும் அந்தக் கணத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்குவார். வாத்தியத்தில் கட்டித் தொங்கும் மற்றச் சீவாளிகள் ஒன்றோடொன்று முட்டும். தவில்காரர் வலக்கை விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டுவார். துணியைச் சுற்றிப் பசையில் காயவைத்த அந்தக் கூடுகள் எலும்புபோல் இறுகியிருக்கும். நாடாவைத் தோளில் சரிசெய்வார். இடக்கையில் கழி. திரை விலகும், பஞ்சாராத்தி எழும்பும், மணி அடிக்கும், கம்பீரநாட்டையில் முதல் ஓசை கிளம்பும். என்னுடைய மிக்சரில் சிவப்பு லைற் எரியும். நான் சத்தத்தைக் குறைக்க மாட்டேன். அந்த இடத்தில் குறைக்கக் கூடாது. அந்த நேரத்தில் நாதஸ்வரக்காரருடைய கண்ணைப் பார்க்கவேண்டும். அது சுவாமியைவிட்டு அசையாது. சனத்தின் கையும் தலைக்கு மேல்.

அந்த மல்லாரியில் சொல் இல்லை. தெய்வத்தின் பெயர்கூட இல்லை. ஆனாலும் அது வழிபாடு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை. பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டும் ஆனாய நாயனாரும் இப்படித்தான். மாடு மேய்க்கப் போன இடத்தில் பூத்து நின்ற கொன்றையைக் கண்டு, சிவனை நினைந்து, புல்லாங்குழலில் ஐந்தெழுத்தை ஊதினார். அவர் பாடவில்லை, பதிகம் செய்யவில்லை. ஊதினதற்காகவே நாயனார் ஆனார்.

இந்த இடத்தில் எங்கள் பொடியங்கள் ஒரு வாதம் வைப்பார்கள். "அண்ணை, நாதஸ்வரத்தில சொல்லே இல்லை எண்டால், சினிமா மெட்டு மட்டும் எப்பிடித் தீட்டு ஆகும்? சுரம் எல்லாம் ஒரே சுரம்தானே?" கெட்டிக்கார வாதம். ஆனால் சொல் வாத்தியத்தில் இல்லாவிட்டாலும் கேட்கிறவன் மனதில் இருக்கிறது. போன மாதம் வந்த படத்தின் காதல் பாட்டை ஊதினால், கதாநாயகன் கதாநாயகியைத் துரத்தும் காட்சிதான் கேட்கிறவனுக்குத் தெரியும். சுவாமி நாலு முழத்தில் இருக்கும்போது மனம் தியேட்டருக்குப் போய்விடுகிறது. உயிரைத் திருப்பத்தான் வாத்தியம் என்றால், இது எதிர்ப்பக்கம் திருப்பும் வாத்தியம்.

ஆனால் இதிலிருந்து "சினிமா என்றாலே அபசாரம்" என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். 'சிங்காரவேலனே தேவா' 1962இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்துப் பாட்டு. எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் வாசித்தார். இன்று எங்கள் முருகன் கோயில்களில் அந்த ஆபேரி எழும்பும்போது எத்தனை பேருக்குப் படம் ஞாபகம் வருகிறது? கிழவிமார் கண்ணை மூடிக் கும்பிடுகிறார்கள். சினிமாவில் பிறந்த பாட்டைக் கோயில் தனதாக்கிக்கொண்டது. 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாள் இன்னொரு வழியில் வேலை செய்தது. மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள் அதில் வாசித்த நாதஸ்வரம், மேளத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காத வீடுகளுக்குள்ளும் மேளத்தைக் கொண்டுபோனது. ஆகவே பிறந்த இடத்தை வைத்து ஒரு மெட்டைத் தள்ளிவிட முடியாது.

பிறகு எதை வைத்துத் தள்ளுவது? நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சிறிய கோயில் ஒன்றில் பூங்காவனத் திருவிழா. அதன் செலவை ஏற்ற உபயகாரர் கனடாவில். சுவாமி வீதியில் வந்து தரித்து நிற்கிறது. இரண்டு கூட்டம் மேளம் சேர்ந்து வாசிக்கும் சமா தொடங்கப்போகிறது. நேரலை எடுக்கிற பொடியன் கமெராவை முக்காலியில் பூட்டி நிற்கிறான். உபயகாரரின் உறவுக்காரர் என் காதுக்குள் வந்து, "அண்ணை, அவையள் வட்ஸ்அப்பில அனுப்பியிருக்கினம், இந்தப் பாட்டை வாசிக்கச் சொல்லட்டாம்" என்று போனை நீட்டுகிறார். நான் மேளக்காரரிடம் சொல்கிறேன். அவர்கள் வாசிக்கிறார்கள், அருமையாகவே வாசிக்கிறார்கள். வாசிப்பில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கமெரா நின்ற இடம் சுவாமிக்கு எதிர்ப்பக்கம். எட்டுக் கலைஞர்களும் கமெராவைப் பார்த்துத் திரும்பினார்கள். எட்டு முதுகும் சுவாமிக்கு. சனம் அவர்களைச் சுற்றி வட்டம் போட்டது, கை எல்லாம் தலைக்கு மேல், ஒவ்வொரு கையிலும் ஒரு போன். தேவியர் இருவரோடும் முருகன் பின்னால் தனியாக நின்றார். குடை பிடித்தவர்கூட எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அவர்கள் வாசித்தது தியாகராஜ கீர்த்தனையாக இருந்திருந்தாலும் எனக்கு அதே வருத்தம்தான் வந்திருக்கும். பாட்டின் பிறப்பைப் பார்க்காதே, அது யாரை நோக்கிப் போகிறது என்று பார். இதுதான் என் கட்சி.

இதை எங்கள் ஊர்ப் படிப்பாளி ஒருவரிடம் சொன்னேன். தமிழ் வாத்தியாராக இருந்து இளைப்பாறியவர், சித்தாந்தம் கரைத்துக் குடித்தவர். "தம்பி, எங்கும் நிறைந்தவனுக்கு முன்னென்ன பின்னென்ன? கமெராவுக்குள்ளயும் அவன்தானே" என்றார். அதை மறுக்க என்னிடம் சாத்திரம் இல்லை. ஆனால் எங்கும் நிறைந்தவனுக்குத்தான் கோபுரமும் கொடிமரமும் கட்டியிருக்கிறோம். அவனுக்கு முன் பின் இல்லை, எங்களுக்கு உண்டு. எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் எங்கள் மனம் போகும். உருவத்தை வைத்து வழிபடுகிறவன் உருவத்துக்கு முதுகு காட்டிவிட்டு, அவன் எங்கும் இருக்கிறான் என்று சமாதானம் சொல்லக் கூடாது. இதைச் சொன்னபோது அவர் சிரித்துத் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று கேட்டால், முழுதாக இல்லை.

மொன்றியலில் இருக்கும் என் அக்காவின் மகன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அங்கே தன்னோடு வேலை செய்யும் ஹெயிற்றிக்காரர்களிடமும் இதே வழக்கு உண்டு என்றான். அவர்களுடைய நாட்டின் ஆட்ட இசைக்குக் கொம்பா என்று பெயர். நெமூர் ஜான் பப்ரிஸ்ற் என்ற சக்ஸபோன்காரர் 1955இல் தொடக்கிவைத்தது. இன்று அந்தக் குழுக்களுக்கு நியூயோர்க்கும் மயாமியும் மொன்றியலும்தான் பெரிய சந்தை, எங்கள் மேளக்காரருக்கு ரொறன்ரோவும் லண்டனும் சூரிச்சும் போல. ஞானஸ்நானம் பெற்ற சிலர் இனிக் கொம்பாவே கேட்க மாட்டோம் என்று விட்டுவிடுகிறார்களாம். வேறு சிலர் அதே தாளத்தில் இயேசுவைப் பாடித் தேவாலயத்துக்குள் கொண்டுவருகிறார்களாம். அவன் கைபேசியில் அனுப்பிய சிலவற்றைக் கேட்டேன். மணியும் கொங்கா மத்தளமும் விடாமல் ஓட, கித்தார் அதன்மேல் மிதந்து போகிறது. உட்கார்ந்து கேட்க முடியாத தாளம். உடம்பை இழுக்கும் தாளத்துக்குக் கடவுள் முன்னால் இடமுண்டா என்று அவர்கள் கேட்கிறார்கள். எங்கள் ஆறுமுக நாவலர் பெருமானும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்லூரிலிருந்து அதையே கேட்டார். கோயிலில் தேவதாசிகளின் ஆட்டத்தை அவர் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தில் நான் அவரோடு முழுதாக ஒத்துப்போக மாட்டேன். ஆடவல்லானைக் கும்பிடுகிற சமயத்துக்கு உடம்பு ஆகாது என்றால் அது பொருந்தாது. தவிலில் தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போகும்போது என் உடம்பும் ஆடும். அதுவும் திரும்புதல்தான், எந்தப் பக்கம் என்பதே வேண்டியது.

சரி, மேளக்காரர் ஏன் கமெராவைப் பார்க்கிறார்? இதைக் கேட்காமல் அவர்களைக் குறைசொல்வது பாவம். கோயில் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது. கலியாணவீடுதான் அவர்களுடைய உழைப்பு. வெளிநாட்டுக் கோயில்களின் அழைப்புத்தான் வீடு கட்ட, தங்கச்சிக்குக் கலியாணம் செய்ய உதவும் காசு. அந்த அழைப்பு யாரைத் தேடி வருகிறது? யூரியூப்பில் ஓடுகிறவரைத் தேடி. ஒரு இராகத்தை ஒரு மணித்தியாலம் விரித்தவருடைய வீடியோவை ஆரும் முழுதாகப் பார்ப்பதில்லை. காதல் பாட்டுக்குச் சனம் துள்ளின மூன்று நிமிடத் துண்டு ஊரெல்லாம் சுற்றும். சிறுவயதிலிருந்து சாதகம் செய்த கை அந்த மூன்று நிமிடத்துக்குத் தன்னை வெட்டிக்கொள்கிறது. மழைக்காலத்தில், திருவிழா இல்லாத மாதங்களில், அந்தக் கை என்ன செய்கிறது என்று எந்தச் சபை விசாரித்தது?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இதைப் பேச எங்கள் ஊரில் சங்கடப்படுவார்கள். மேளக்காரரை நாங்கள் எப்படி வைத்திருந்தோம்? நான் சின்னப் பொடியனாக அப்பாவோடு போன கலியாணவீடுகளில், மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையை அழைத்து வந்த வித்துவானுக்குச் சாப்பாடு பந்தலுக்கு வெளியே. ஒலிபெருக்கிக்காரர் எங்களுக்கு உள்ளே. அப்பாவுக்கு அது பொறுக்காது. தன் இலையையும் எடுத்துக்கொண்டு வெளியே போய் அவர்களோடு இருந்து சாப்பிடுவார். இப்போது அப்படி இல்லை, காலம் மாறிவிட்டது என்பார்கள். மாறியிருக்கிறது. ஆனால் இன்றும் தேர் அன்று விடியற்புறத்திலிருந்து வெயில் ஏறும்வரை தவிலைத் தோளில் சுமந்தபடி நிற்கிறவருக்கு ஒரு கதிரை கிடையாது. பலாமரத்தில் கடைந்து, இப்போது இரும்பு வளையமும் நட்டும் பூட்டிய தவில். அந்தப் பாரம் தோளில் வெட்டிய தழும்பை நான் பார்த்திருக்கிறேன். உபயகாரர் வந்தால் கதிரை வரும். அரசியல்வாதி வந்தால் பொன்னாடையும் வரும்.

பெரியபுராணத்தை வருடாவருடம் எங்கள் கோயில்களில் படிக்கிறோம். அதில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக்கு வருகிறார். பாணர் குலத்தவர், கோயிலுக்கு வெளியே நின்று யாழ் வாசிக்கிறார். சொக்கநாதர் அடியார்களின் கனவில் தோன்றி, அவரை உள்ளே கூட்டிவரச் சொல்கிறார். கூட்டிவந்த பிறகும் விடவில்லை. ஈரத்தரையில் வைத்தால் யாழின் கட்டு அழியும், பொற்பலகை இடுங்கள் என்று அசரீரி சொல்கிறது. பலகை போட்டு, அதில் இருந்து வாசிக்கிறார். திருவாரூரில் அவருக்கென்று வடக்கே வேறு வாயில் வகுத்துக் கொடுத்ததும் அதே புராணத்தில் இருக்கிறது. வாத்தியக்காரரை எங்கே வைக்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாத்திரம் வேண்டுமா? வாசித்த பண்ணுக்கு வரிசை கேட்கவில்லை அந்த இறைவன். வாசிக்கிறவருக்கு இருக்கை கேட்டான். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை, நாதஸ்வரக்காரரும் மேடையில் இருந்துதான் வாசிப்பார் என்று இருபதாம் நூற்றாண்டில் அடம்பிடித்து நிலைநாட்டவேண்டியிருந்தது. கர்வம் பிடித்தவர் என்றார்கள். அவர் கேட்டது சொக்கநாதர் எப்போதோ கொடுத்ததை.

மேளக்காரர் கமெராவைப் பார்ப்பதும் நாங்கள் அவருக்கு இருக்கை கொடுக்காததும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. மேளக்காரர் சுவாமிக்கு முதுகு காட்டுவதற்கு முன்னாலேயே நாங்கள் மேளக்காரருக்கு முதுகு காட்டிவிட்டோம். அவருடைய வாசிப்பைப் பூசை என்று நடத்தியிருந்தால், அவர் கமெராவைத் தேடிப் போயிருக்க மாட்டார். சனத்தின் மேலும் பழி போட முடியாது. நல்லூரில் நெடுங்காலம் வாசித்த அளவெட்டி பத்மநாதன் 2003இல் காலமானார். அவருடைய நாதஸ்வரத்தைக் கேட்பதற்கென்றே தூர ஊர்களிலிருந்து சனம் வந்து மணலில் இருந்த இரவுகளை நான் கண்டிருக்கிறேன். அந்தச் சனத்துக்கு ஒருவரும் இராக இலட்சணம் படிப்பிக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய காது. ஆகவே சனம் சினிமாப் பாட்டைத்தான் கேட்கும் என்று எனக்குச் சொல்லாதீர்கள். நாங்கள் எதைக் கொடுக்கிறோமோ, அதற்குக் காது பழகும்.

இளம் கலைஞர்களில் எனக்கு நம்பிக்கை நிறைய. இணுவிலிலும் கோண்டாவிலிலும் இன்று வாசிக்கிற பிள்ளைகளின் கைச்சுத்தம் அப்பாவின் காலத்துக்குக் குறைந்ததல்ல. போன வருடம் ஒரு கோயிலில், சமாவெல்லாம் முடிந்து, கமெராக்காரன் வயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு போன பிறகு, சுவாமியைப் பள்ளியறைக்குக் கொண்டுபோகும்போது இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பிள்ளை நீலாம்பரி வாசித்தது. கேட்க ஐயரும் சபைத் தலைவரும் நானும் இன்னும் நாலைந்து பேரும். மைக்கைக்கூடக் கழற்றிவிட்டேன். அந்தப் பிள்ளை அன்று முழுவதும் வாசித்ததில் அதுதான் சிறந்த வாசிப்பு. அதற்கு ஒரு வீடியோவும் இல்லை.

பரிபாலன சபைகளுக்கு நான் கேட்பது இவ்வளவுதான். சுவாமி எழுந்தருளும்போதும் வீதி வலம் வரும்போதும் தேரிலும் தீர்த்தத்திலும் மேளம் மரபுப்படி வாசிக்கட்டும், அதில் உபயகாரரின் விருப்பப் பாட்டுக்கு இடம் வேண்டாம். சமா வேண்டுமென்றால் சுவாமி இருப்பிடம் போன பிறகு வீதியில் மேடை போட்டு வையுங்கள். அங்கே அவர்கள் எதை வேண்டுமானாலும் வாசிக்கட்டும், நானே வந்து ஒலிபெருக்கி கட்டித் தருகிறேன். கமெராவைச் சுவாமியின் பக்கத்தில் வையுங்கள், அப்போது வாசிக்கிறவரின் முகம் சுவாமியை நோக்கித்தான் இருக்கும். மேளக்காரருக்கு ஐயருக்குக் கொடுக்கும் மரியாதையோடு காளாஞ்சி கொடுங்கள், அன்னதான மண்டபத்தில் முதல் பந்தியில் இருத்துங்கள், மழைமாதங்களுக்கும் ஒரு சம்பளம் வைக்க முடியுமா என்று வருகிற பொதுக்கூட்டத்தில் பேசுங்கள். சுவாமி தரித்து நிற்கிற இடமெல்லாம் அவர்கள் இருந்து வாசிக்க வாங்கில் போடுங்கள். இந்த வருடக் கொடியேற்றத்துக்கு முன்னமே போடுங்கள்.